விலையின் சுமை யார்மீது? – அரசின் கொள்கையும் தானியச் சந்தையும்

(பொருளியல் மாணவர்களும் ஆட்சித்துறை அலுவலர்களும் பங்கேற்ற கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஒரு நாட்டின் பொருளாதாரத்தை உருவாக்குவது அரசின் கொள்கையா, தடையற்ற சந்தையா என்னும் வினா வகுப்பறைகளிலும் சட்டமன்றங்களிலும் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. தேவையும் அளிப்பும் தாமே சந்தித்து விலையை நிர்ணயித்துக் கொள்ளும், அரசு விலகி நின்றாலே போதும் என்பது ஒரு சாராரின் வாதம். இலாபத்தையே குறியாகக் கொண்ட வாணிபத்தின் கையில் மக்களின் இன்றியமையாத தேவைகளை ஒப்படைக்கலாகாது, அரசே முன்வந்து வாங்கவும் விற்கவும் வேண்டும் என்பது மற்றொரு சாராரின் வாதம். இரு தரப்புக்கும் ஆதரவாக நூல்கள் பல உள்ளன.

இந்தியாவைப் பொறுத்தவரை இவ்வினாவை நூல்களை மட்டுமே கொண்டு ஆராய வேண்டிய அவசியம் இல்லை. உணவு தானியத் துறையில், குறிப்பாகக் கோதுமையில், சென்ற எண்பது ஆண்டுகளில் நமது நாடு ஏறத்தாழ எல்லா வழிகளையும் கையாண்டு பார்த்துவிட்டது. கட்டுப்பாடு, கட்டுப்பாடு நீக்கம், ஆதரவு விலை, லெவி, மொத்த வாணிபத்தை அரசே மேற்கொள்ளுதல், அதனைக் கைவிடுதல், ஏற்றுமதி, ஏற்றுமதித் தடை என ஒவ்வொன்றும் ஒரு சோதனையாகவே அமைந்தது. அவற்றின் விளைவுகளும் பதிவாகியுள்ளன.

இச்சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாக நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. சந்தையில் நிலவும் விலை ஒன்று. நியாயமானது என்று அரசு கருதும் விலை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை யாரேனும் ஒருவர் சுமந்தே ஆகவேண்டும். நுகர்வோர் சுமக்கலாம், உழவர் சுமக்கலாம், அரசின் கருவூலம் சுமக்கலாம். ஒரு கொள்கையின் வெற்றியும் தோல்வியும் இச்சுமை யார்மீது ஏற்றப்படுகிறது, அதனைத் தாங்கும் ஆற்றல் அவருக்கு உண்டா என்பவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

வங்கத்தின் படிப்பினை

சந்தை விலை ஏறும்போது அதன் சுமை முழுவதும் நுகர்வோர்மீது விழுமானால் என்ன நேரும் என்பதற்கு 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் சான்றாகும். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அவ்வாண்டின் இறுதியில் புயலும் பயிர்நோயும் வங்கத்தைத் தாக்கின. போர்ச் செலவினால் பணப்புழக்கம் பெருகியது. மாகாணங்கள் தத்தம் எல்லைகளை அடைத்துக்கொண்டு தானியம் வெளியேறாதபடி தடுத்தன. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு ஒன்றுக்கு 13, 14 ரூபாயாக இருந்த அரிசி விலை 1943 மே மாதத்தில் 30 ரூபாயைத் தாண்டியது. மாகாண அரசு மார்ச் மாதத்தில் விலைக்கட்டுப்பாட்டை நீக்கியது. மே மாதத்தில் கிழக்கு மாகாணங்களிடையே தடையில்லா வாணிபம் அனுமதிக்கப்பட்டது. கையிருப்பில் தானியம் இல்லாத அரசு அளித்த இந்தச் சுதந்திரம் விலையேற்றத்தைத் தணிக்கவில்லை.

விவசாயக் கூலிகள், மீனவர்கள், கிராமக் கைவினைஞர்கள் ஆகியோரின் கூலி விலையோடு சேர்ந்து உயரவில்லை. அவர்களே முதலில் மடிந்தனர். பஞ்ச விசாரணைக் குழு இறந்தோரின் எண்ணிக்கையை 15 இலட்சம் என மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர் பலர் அது 30 இலட்சத்தை எட்டியிருக்கலாம் என்கின்றனர். 1981-இல் வெளியான தமது நூலில் பேராசிரியர் அமர்த்தியா சென், அவ்வாண்டில் வங்கத்தில் கிடைத்த மொத்த உணவின் அளவைக் கொண்டு மட்டும் இப்பேரழிவை விளக்க இயலாது என்றும், உணவை வாங்கும் திறனை ஒரு பகுதி மக்கள் இழந்ததே முதன்மைக் காரணம் என்றும் வாதிட்டார். அவரது கணக்கைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள்ளன. எனினும், காசில்லாதவனின் பசி சந்தையில் தேவையாகக் கணக்கிடப்படுவதில்லை என்பதை யாரும் மறுப்பதில்லை.

ஒரே நடவடிக்கை, இரு விளைவுகள்

விடுதலைக்குப் பின்னர், கட்டுப்பாடுகள் ஊழலையும் கள்ளச்சந்தையையும் வளர்ப்பதாகக் காந்தியடிகள் வலியுறுத்தி வந்தார். 1947 டிசம்பரில் உணவுக் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. விலைகள் விரைந்து ஏறின. 1948 செப்டம்பரில் கட்டுப்பாடுகளை மீண்டும் கொண்டுவர நேர்ந்தது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே நடவடிக்கை வேறு விளைவைத் தந்தது. 1952 ஜூன் மாதத்தில் சென்னை மாகாண முதலமைச்சர் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். மைய உணவு அமைச்சர் இரஃபி அகமது கித்வாய் அவ்வழியை நாடெங்கும் விரிவாக்கினார். 1954-க்குள் பெரும்பாலான கட்டுப்பாடுகள் அகன்றன. விலைகள் ஏறுவதற்கு மாறாக இறங்கின. 1947-இல் கையிருப்பு மிகக் குறைவு. 1952-க்கு முன்னரோ, 1951-இல் பெற்ற அமெரிக்கக் கோதுமைக் கடன் உள்ளிட்ட பெரும் இறக்குமதி அரசின் கிடங்குகளுக்கு வந்திருந்தது. 1953-இல் பருவமழையும் கைகொடுத்தது. அரசின் கையில் சரக்கு உண்டு என்பதை வணிகர் அறிந்திருந்தபோது பதுக்கலால் பயன் கிட்டவில்லை.

ஆனால் விலை இறக்கத்திலும் ஓர் இடர் இருந்தது. 1954-55-இல் தானிய விலை வீழ்ச்சியுற்றதால் உழவர்கள் இழப்புக்குள்ளாயினர். அரசு ஆதரவு விலையில் கொள்முதல் செய்ய வேண்டியதாயிற்று. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்னும் பழமொழி, விலை ஏறும் ஆண்டைக் காட்டிலும் விலை வீழும் ஆண்டுக்கே மிகவும் பொருந்தும். பஞ்சம் நுகர்வோரைக் கொல்கிறது. மிகுவிளைச்சல் உழவரைக் கடனாளியாக்குகிறது. இவ்விரு முனைகளையும் கவனிக்கும் நிலையான அமைப்பு எதுவும் அப்போது நாட்டில் இல்லை.

அத்தகைய அமைப்பை உருவாக்கும் அவசரமும் சில ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. 1956 ஆகஸ்டில் கையெழுத்தான பி.எல். 480 உடன்படிக்கையின் கீழ் அமெரிக்கக் கோதுமை ரூபாய்க்கே கிடைத்தது. நகரத்து நியாய விலைக் கடைகள் அதனைக் கொண்டு நடைபெற்றன. நுகர்வோருக்கு மலிவாகக் கிடைத்த இந்தத் தானியம் உள்நாட்டு உழவரின் விலையை அமுக்கி வைத்தது என்ற விமர்சனமும் எழுந்தது. இங்குச் சுமை பார்வைக்குப் புலப்படாமல் உழவர்மீது சென்று சேர்ந்தது எனலாம்.

தரையும் தேக்கமும்

1964-இல் சி. சுப்பிரமணியம் உணவு மற்றும் விவசாயத் துறைப் பொறுப்பை ஏற்றார். எல்.கே. ஜா தலைமையில் அமைக்கப்பட்ட குழு விலைக்கொள்கையை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைகளை ஒட்டி 1965 ஜனவரியில் இரண்டு அமைப்புகள் தோன்றின. ஒன்று, பேராசிரியர் எம்.எல். தந்த்வாலாவை முதல் தலைவராகக் கொண்ட விவசாய விலைகள் ஆணையம். இதுவே 1985-இல் விவசாய உற்பத்திச் செலவு மற்றும் விலைகள் ஆணையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மற்றொன்று, 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட இந்திய உணவுக் கழகம். அக்கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் 1965 ஜனவரி 14-இல் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் தலைமையகமும் சென்னையிலேயே இருந்து, பின்னர் தில்லிக்கு மாறியது.

இவ்வமைப்பின் செயல்முறை எளிமையானது. விதைப்புக்கு முன்பாகக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படும். சந்தை விலை எவ்வளவு வீழ்ந்தாலும் அவ்விலையில் அரசு வாங்கிக்கொள்ளும் என்பது அதன் பொருள். அறுவடைக் காலத்தில் பொது விநியோகத்துக்குத் தேவையான தானியத்தை வாங்குவதற்குச் சற்று உயர்ந்த கொள்முதல் விலை அறிவிக்கப்படும். இவ்விரண்டும் பின்னர் நடைமுறையில் ஒன்றாயின. வாங்கிய தானியம் கிடங்குகளில் சேமிக்கப்பட்டு நியாய விலைக் கடைகள் வழியாக விற்கப்படும். வாங்கும் விலை, ஏற்றுக்கூலி, சேமிப்புச் செலவு ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை மைய அரசு உணவு மான்யமாக ஏற்கும்.

இங்கு அரசு சந்தையை ஒழிக்கவில்லை. விலை வீழும்போது அதற்கு ஒரு தரையை அமைத்தது. விலை ஏறும்போது திறந்துவிடுவதற்கு ஒரு தேக்கத்தைக் கட்டியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பில் வணிகர் தம் தொழிலை நடத்தினர். வேறுபாட்டின் சுமை கருவூலத்தின்மீது விழுந்தது. அதுவும் வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாகக் காட்டப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் தொடக்க ஆண்டுகள் கடுமையானவை. 1964-65-இல் 8 கோடியே 94 இலட்சம் டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி, வறட்சியால் மறு ஆண்டில் 7 கோடியே 23 இலட்சம் டன்னாகச் சரிந்தது. 1966-இல் இறக்குமதி ஒரு கோடி டன்னைத் தாண்டியது. அதே ஆண்டில்தான் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை தருவிக்கப்பட்டது. 1965-66-இல் ஒரு கோடியே 4 இலட்சம் டன்னாக இருந்த கோதுமை உற்பத்தி 1971-72-இல் 2 கோடியே 64 இலட்சம் டன்னாக உயர்ந்தது. விதை, நீர், உரம் ஆகிய மூன்றும் இதற்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடன் வாங்கி உரமிட்ட உழவர், அறுவடையின்போது விலை சரியாது என்ற உறுதி இல்லாதிருந்தால் அத்துணிவைக் கொண்டிருப்பாரா என்பது ஐயமே.

1973: சந்தையின் இடத்தில் அரசு

இவ்வெற்றிக்குப் பின் வந்த சோதனை, மாணவரும் அலுவலரும் கவனமாகக் கற்கத்தக்கது. 1972-இல் பருவமழை பொய்த்தது. உணவு தானிய உற்பத்தி 1972-73-இல் 9 கோடியே 70 இலட்சம் டன்னாகக் குறைந்தது. வங்கதேச அகதிகளுக்கு உணவளித்ததிலும் போரிலும் கையிருப்பு கரைந்திருந்தது. சோவியத் நாடு 1972-இல் பெருமளவு கோதுமை வாங்கியதால் உலகச் சந்தையிலும் விலை உயர்ந்தது. விலையேற்றத்துக்கு மொத்த வணிகரின் பதுக்கலே காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது. 1973 ஏப்ரலில் கோதுமையின் மொத்த வாணிபத்தை அரசு மேற்கொண்டது. தனியார் மொத்த வணிகர் கோதுமை வாங்குவது தடைசெய்யப்பட்டது. அரசு நிறுவனங்களே மண்டிகளில் வாங்கும். விலை குவிண்டாலுக்கு 76 ரூபாய்.

நோக்கம் உயர்ந்தது. இடைத்தரகரை நீக்கினால் உழவருக்கும் நுகர்வோருக்கும் நன்மை விளையும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. 81 இலட்சம் டன் கொள்முதல் செய்வது இலக்கு. கிட்டியது ஏறத்தாழ 45 இலட்சம் டன். தடையேதும் இல்லாத முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 50 இலட்சம் டன் கொள்முதலாகியிருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

தானியம் எங்கே போயிற்று? 76 ரூபாய் என்னும் விலை அதற்கு முன்னும் சில ஆண்டுகளாக மாறாதிருந்தது. இதற்கிடையே மற்றப் பொருள்களின் விலைகள் ஏறிவிட்டன. கட்டுப்பாட்டுக்கு உட்படாத புன்செய்த் தானியங்களின் விலையும் உயர்ந்திருந்தது. அத்தகைய நிலையில் கோதுமையை மண்டிக்குக் கொண்டுவராமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் வசதியுள்ள உழவருக்கு ஆதாயமாகத் தோன்றியது. மொத்த வணிகரின் கிடங்கில் இருந்திருக்கக்கூடிய தானியம் ஆயிரக்கணக்கான குதிர்களில் தங்கிவிட்டது. ஒரு வணிகரின் கிடங்கைச் சோதனையிடலாம். இலட்சக்கணக்கான உழவர் வீடுகளைச் சோதனையிடுவது எந்த ஆட்சியாலும் இயலாத செயல்.

மேலும், மொத்த வணிகர் ஆற்றிவந்த பணி பல வகைப்பட்டது. உழவருக்கு அவர் முன்பணம் தந்தார், தரம் பிரித்தார், சாக்கும் வண்டியும் ஏற்பாடு செய்தார், மிகுதியுள்ள ஊரிலிருந்து பற்றாக்குறையுள்ள ஊருக்குச் சரக்கை அனுப்பினார். அவர் பெற்ற ஆதாயத்தின் ஒரு பகுதி இப்பணிகளுக்கான கூலியே. அப்பணிகள் அனைத்தையும் ஓர் அறுவடைப் பருவத்துக்குள் மேற்கொள்வதற்குரிய ஆட்களும், கிடங்குகளும், கடன் வசதியும் அரசு நிறுவனங்களிடம் அன்று இல்லை. மாநிலங்களுக்கு இடையே தானியம் செல்வதற்கு விதிக்கப்பட்டிருந்த தடைகள் பற்றாக்குறை மாநிலங்களின் நிலையை மேலும் மோசமாக்கின.

அரிசி வாணிபத்தையும் இவ்வாறே மேற்கொள்ளும் திட்டம் கைவிடப்பட்டது. சோவியத் நாட்டிடமிருந்து 20 இலட்சம் டன் கோதுமை கடனாகப் பெறப்பட்டது. 1974 மார்ச்சில் மொத்த வாணிபத் திட்டம் கைவிடப்பட்டு, வணிகர் தாம் வாங்குவதில் பாதியைக் குவிண்டாலுக்கு 105 ரூபாய் விலையில் அரசுக்கு லெவியாகத் தரவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. 76-இலிருந்து 105-க்கு ஒரே ஆண்டில் ஏறிய இவ்விலையே, முந்தைய விலை உழவர்மீது சுமத்திய பளு எவ்வளவு என்பதைக் காட்டுகிறது.

எல்லாத் துன்பங்களையும் இத்திட்டத்தின் தலையில் ஏற்றுவது நேர்மையாகாது. 1973 அக்டோபருக்குப் பின் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியது. உரமும் டீசலும் தட்டுப்பாடாயின. 1973-74-இல் கோதுமை உற்பத்தியே 2 கோடியே 18 இலட்சம் டன்னாகக் குறைந்தது. மொத்த விலைகள் 1973-74-இல் ஏறத்தாழ 20 சதவீதமும், 1974-75-இல் ஏறத்தாழ 25 சதவீதமும் உயர்ந்தன. திட்டம் கைவிடப்பட்ட 1974-இலும் கோதுமைக் கொள்முதல் மேலும் சரிந்து 20 இலட்சம் டன் அளவிலேயே நின்றது. தடையை நீக்கியதால் மட்டும் தானியம் பெருகிவிடவில்லை என்பதையும் இது உணர்த்துகிறது. நல்ல விலையும் நல்ல மழையும் சேர்ந்த பின்னரே, 1975-76-இல் கோதுமை உற்பத்தி 2 கோடியே 88 இலட்சம் டன்னை எட்டியது.

தேக்கம் காத்த ஆண்டு

1977-இல் கோதுமைக்கான மண்டலத் தடைகள் நீக்கப்பட்டு நாடு முழுவதும் ஒரே சந்தையாயிற்று. பஞ்சாபின் மிகுதி தென்னாட்டு மாவு ஆலைகளுக்குத் தடையின்றி வந்தது. அரசின் கொள்முதலும் உடன் தொடர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் அதற்கு ஒரு கடும் தேர்வு வந்தது. 1978-79-இல் 13 கோடியே 19 இலட்சம் டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி, 1979-80-இன் வறட்சியில் 10 கோடியே 97 இலட்சம் டன்னாக வீழ்ந்தது. இரண்டு கோடி டன்னுக்கும் மேற்பட்ட இவ்வீழ்ச்சி 1965-66-இன் வீழ்ச்சியைவிடப் பெரிது. ஆயினும் 1966-ஐப் போன்று நாடு கப்பல்களை எதிர்நோக்கி நிற்கவில்லை. கிடங்குகளில் ஏறத்தாழ இரண்டு கோடி டன் இருப்பு இருந்தது. மான்யமாகச் செலவிடப்பட்ட பணம் அவ்வாண்டில்தான் தன் பயனை முழுமையாகக் காட்டியது.

கருவூலத்தின் எல்லை

அப்படியாயின் சுமையனைத்தையும் கருவூலத்தின்மீது ஏற்றிவிடலாம் அன்றோ என்று வினவலாம். இதற்கும் வரலாறு விடை தந்துள்ளது. 2002 ஜூலையில் அரசின் தானிய இருப்பு 6 கோடியே 30 இலட்சம் டன்னாகியது. அந்நாளுக்கு விதிக்கப்பட்டிருந்த இருப்பு அளவு 2 கோடியே 43 இலட்சம் டன்னே. ஆதரவு விலை சந்தை விலையைவிட உயர்ந்து சென்றதால் அரசே பெரும் வாங்குபவராகியது. கடைகளில் விற்கும் விலையும் உயர்த்தப்பட்டிருந்ததால் ஏழைகளால் வாங்க இயலவில்லை. கிடங்கில் தானியமும் ஊரில் பசியும் ஒரே காலத்தில் நிலவின. இம்முரண்பாட்டை முன்வைத்து 2001-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. இறுதியில் மிகுதியான தானியம் மான்யத்துடன் ஏற்றுமதி செய்யப்பட்டது. விலைக்கான தரை உயர்ந்து கூரையாகிவிட்டால் சந்தைக்கு இடமில்லாமற் போகும், கருவூலமும் திணறும்.

பணக்கணக்கில் வராத சுமை ஒன்றும் உண்டு. கொள்முதல் உறுதி நெல்லுக்கும் கோதுமைக்குமே வலுவாக இருந்ததாலும், பாசனத்துக்கு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்ததாலும் பஞ்சாப் உழவர்கள் கோடையின் நெல்லைக் கைவிடவில்லை. அங்கு ஆண்டுதோறும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க நிலத்தடி நீரின் அளவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட நீர் இறைக்கப்படுகிறது. இக்கொள்கையின் சுமையில் ஒரு பங்கு இனிவரும் தலைமுறையின்மீது ஏற்றப்பட்டுள்ளது. அதே நேரத்தில், சாந்தகுமார் தலைமையிலான உயர்மட்டக் குழு 2015-இல் அளித்த அறிக்கை, அரசு நிறுவனங்களுக்கு ஆதரவு விலையில் விற்கும் உழவர்கள் ஏறத்தாழ 6 சதவீதத்தினரே என்று குறிப்பிட்டது. தரை அமைக்கப்பட்டது நாட்டுக்கு. அதன்மீது நிற்க இடம் கிடைத்தது ஒரு சில மாநிலங்களின் உழவர்களுக்கு.

2020 செப்டம்பரில் நிறைவேற்றப்பட்ட மூன்று வேளாண் சட்டங்கள் மண்டிகளுக்கு வெளியே தனியார் வாணிபத்துக்கு வழி திறந்தன. வாங்குவோர் பெருகினால் உழவருக்கு நல்ல விலை கிட்டும் என்றது அரசு. மண்டி நலிந்தால் ஆதரவு விலையும் நாளடைவில் மறையும் என்று அஞ்சினர் போராடிய உழவர்கள். விலை வீழும் ஆண்டில் சுமை யார்மீது விழும் என்பதே அவர்களது கவலையின் சாரம். 2021 நவம்பரில் அச்சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும் என்னும் கோரிக்கை அதன் பின்னரும் ஓயவில்லை.

2022: அதே வினா, வேறு விடை

1973-இன் நிலைமையை ஒத்த ஒரு நெருக்கடி 2022-இல் வந்தது. மார்ச் மாதத்தின் கடும் வெப்பம் கோதுமைக் கதிர்களைச் சுருக்கியது. உக்ரைன் போரால் உலக விலை ஏறியது. தனியார் வணிகர் ஆதரவு விலையான 2,015 ரூபாயைவிட அதிகமாகத் தந்து வாங்கினர். முந்தைய ஆண்டில் 433 இலட்சம் டன்னாக இருந்த அரசின் கொள்முதல் 188 இலட்சம் டன்னாக வீழ்ந்தது. இலக்கில் பாதியைக் கூட எட்டாத இந்நிலை 1973-ஐ நினைவூட்டுவதே. ஆனால் இம்முறை உள்நாட்டில் வணிகரை எவரும் விலக்கவில்லை. பழைய இருப்பு கிடங்கில் இருந்தது. சில திட்டங்களில் கோதுமைக்குப் பதில் அரிசி வழங்கப்பட்டது. 2023-இன் தொடக்கத்தில் அரசு தன் கோதுமையை வெளிச்சந்தையில் ஏலத்தில் விற்றதும் விலை தணிந்தது. உழவர் நல்ல விலை பெற்றனர். நியாய விலைக் கடைகளும் மூடப்படவில்லை.

இவ்வேற்பாட்டிலும் ஒரு பகுதி விவாதத்துக்குரியது. 2022 மே 13-இல் கோதுமை ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. நுகர்வோருக்கு அது பாதுகாப்பு. உலக விலையின் ஆதாயத்தை எதிர்நோக்கியிருந்த உழவருக்கோ அது மறைமுகமான ஒரு வரி. வரவுசெலவுத் திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் இவ்வரி இடம்பெறாது. கருவூலம் ஏற்கும் மான்யத்தைப் பாராளுமன்றம் விவாதிக்கிறது. உழவர் ஏற்கும் இழப்பை விவாதிக்க அத்தகைய ஏடு ஏதும் இல்லை.

அலுவலரும் மாணவரும் கேட்க வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவதாக, விலை என்பது கட்டளையை ஏற்கும் பொருளன்று. அது பல கோடி மக்களின் முடிவுகளை இணைக்கும் செய்தி. அச்செய்தியை மாற்ற விரும்பும் அரசு, மாற்றத்துக்கான செலவைத் தானே ஏற்க ஆயத்தமாக இருக்கவேண்டும். 1965-இன் ஏற்பாடு அவ்வாறு ஏற்றது. 1973-இன் ஏற்பாடு அதனை உழவரிடம் தள்ளியது.

இரண்டாவதாக, ஒரு பணியை ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் முன், அவர் செய்துவந்த வேலைகள் அனைத்தையும் பட்டியலிட்டுப் பார்க்கவேண்டும். சாக்கு, வண்டி, கடன், கிடங்கு, ஆள் ஆகிய ஐந்தும் இல்லாத நிலையில் அரசாணை மட்டும் கோதுமையை நகர்த்தாது. மாவட்ட அளவில் பணியாற்றும் அலுவலர் இதனை அமைச்சகங்களைவிட நன்கு அறிவர். அவர்களது குறிப்பு கொள்கை முடிவுக்குப் பின் வராமல் முன்பே வருவது நாட்டுக்கு நலம்.

மூன்றாவதாக, தடையற்ற சந்தையும் அரசின் ஏற்பாடுகள் இன்றித் தானே இயங்குவதில்லை. எடையும் அளவும், சாலையும் இரயிலும், வங்கிக் கடனும் ஒப்பந்தச் சட்டமும் அரசு அமைத்தவை. இவை இருந்தும் கூலியாளின் கையில் காசு இல்லையெனில் சந்தை அவனைக் காணாது. 1943 கற்பித்த இப்பாடத்தை மறந்து கட்டுப்பாடு நீக்கத்தை மட்டும் போற்றுவது அரைகுறையான கல்வியாகும்.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராம மக்களில் 75 சதவீதம், நகர மக்களில் 50 சதவீதம் வரை மலிவு விலைத் தானியத்துக்கு உரிமையளித்தது. 2023 ஜனவரி முதல் அத்தானியம் விலையின்றியே வழங்கப்படுகிறது. உணவு மான்யம் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கோடி ரூபாய் அளவில் உள்ளது. இச்செலவு பசியைத் தடுக்கிறது என்பதால் அதனை வீண் எனல் பொருந்தாது. ஆனால் அதே கருவூலத்திலிருந்துதான் பாசனத்துக்கும், விதை ஆராய்ச்சிக்கும், பருப்பும் எண்ணெய்வித்தும் பயிரிடும் மானாவாரி உழவரின் பாதுகாப்புக்கும் பணம் வரவேண்டும். இவற்றுக்கு ஒதுக்குவது குறைந்தால், இன்று நுகர்வோருக்கு இறக்கிவைக்கப்படும் சுமை நாளைய உற்பத்தியின்மீது ஏறும்.

ஆகவே புதிய கொள்கை எதுவாயினும், அது சந்தைக்குச் சார்பானதா, அரசுக்குச் சார்பானதா என்று வினவுவதோடு நின்றுவிடலாகாது. அவ்வாண்டு விலை வீழ்ந்தால் யார் இழப்பர், விலை ஏறினால் யார் பட்டினி கிடப்பர், அவ்விழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கோப்பின் முதற்பக்கத்திலேயே எழுதி வைக்கவேண்டும். 1973 ஏப்ரலில் 76 ரூபாய் விலை முடிவு செய்யப்பட்டபோது இவ்வினாக்களுக்கு விடை தேடப்பட்டிருந்தால், மண்டிகள் வெறிச்சோடியிருக்க மாட்டா.